மனிதன் நல்லவனா, கெட்டவனா, அவனை யார் ஆள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனித இயல்பு, சுதந்திரம், அதிகாரம் பற்றிப் பேச்சு வந்தால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குக் கதையே சொல்ல வேண்டியிருக்கிறது. நடுநிலை என்றெல்லாம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. எனக்கு ஒரு பக்கம் உண்டு, போகப்போகத் தெரிந்துவிடும்.

மூன்றும் தனித்தனி விஷயங்கள் ஆயிற்றே, ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்?

ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடுகின்றன. "இந்த ஜனங்களுக்கு மிலிட்டரி ஆட்சிதான் சரி" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், அதற்குள் மனித இயல்பு பற்றிய ஒரு முழுத் தத்துவமே இருக்கிறது: மனுஷனை அவிழ்த்துவிட்டால் அடித்துக்கொண்டு சாவான், ஆகவே பிரம்போடு ஒருவன் வேண்டும். இன்னொருவர், மனுஷன் அடிப்படையில் நல்லவன்தான், அடக்கி அடக்கித்தான் கெடுத்துவிட்டார்கள், கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்பார். கணக்கு சுலபமாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பிரம்பைப் பிடிக்கப் போகிறவன் யார்? அவனும் மனுஷன்தானே, அவனுக்கு மட்டும் வேறு இயல்பா? எந்தத் தத்துவத்தையும் எந்த மதத்தையும் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதற்கு அது என்ன பதில் வைத்திருக்கிறது என்பதைத்தான்.

மனிதன் கெட்டவன் என்று சொன்னவர்கள் எல்லாரும் சர்வாதிகாரத்தை ஆதரித்தவர்களா?

இல்லை, ஆனால் ஆதரித்தவர்கள் கணிசம். பழைய சீனாவில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஷுன்ட்சு என்ற ஆசிரியர், மனித இயல்பு தீயது, நன்மை எல்லாம் முயன்று உண்டாக்கிக்கொள்வது என்றார். கோணலான மரத்தை ஆவியில் வைத்து அழுத்தி நிமிர்த்துவதுபோல, சடங்கும் கல்வியும் மனிதனை நிமிர்த்தும் என்பது அவர் நம்பிக்கை. அவரிடம் படித்த ஹான் ஃபெய்க்கு அந்தப் பொறுமை இல்லை. பரிசு, தண்டனை என்ற இரண்டு பிடிகள் அரசன் கையில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் வெட்டிப்பேச்சு என்று போய்விட்டார்.

இந்த வழியில் அவருக்கு முன்பே நடந்தவர் ஷாங் யாங், சின் நாட்டு அமைச்சர். சட்டத்தை ஈவிரக்கமில்லாமல் இறுக்கியவர். அவரைக் காப்பாற்றிவந்த மன்னர் கி.மு. 338-ல் இறந்ததும் கலகக்காரர் என்று அவர்மேல் குற்றச்சாட்டு வந்தது, தப்பி ஓடினார். எல்லைக்கருகில் ஒரு சத்திரத்தில் தங்க இடம் கேட்டாராம். ஆளைத் தெரியாத சத்திரக்காரர், அத்தாட்சி இல்லாதவரைத் தங்கவைத்தால் எனக்குத் தண்டனை, அது ஷாங் பிரபுவின் சட்டம் என்று சொல்லிவிட்டார். பழைய வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிவைத்த கதை இது. கடைசியில் ஷாங் யாங் கொல்லப்பட்டார், உடலைத் தேர்களில் கட்டிக் கிழித்தார்கள். ஹான் ஃபெய் கி.மு. 233-ல் அதே சின் நாட்டின் சிறையில் விஷம் குடித்துச் செத்தார். விஷத்தை அனுப்பியவர் அவரோடு ஒரே ஆசிரியரிடம் படித்த லி சு. அந்த லி சுவும் கி.மு. 208-ல் இடுப்போடு வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்று பேருமே மக்களைச் சந்தேகப்பட்ட அளவில் கால்வாசியாவது சிம்மாசனத்தைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

ஐரோப்பாவில் இதற்கு இணை தாமஸ் ஹாப்ஸ். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் ரத்தம் சிந்திக் களைத்திருந்தபோது, 1651-ல், அரசு இல்லாத வாழ்க்கை தனிமையானது, வறியது, அருவருப்பானது, மிருகத்தனமானது, குறுகியது என்று எழுதினார். ஆட்சேபிப்பவர்களுக்கு அவர் தந்த பதில் இன்றும் சுருக்கென்றுதான் இருக்கிறது: ராத்திரி கதவைப் பூட்டிவிட்டுத்தானே படுக்கிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாயே, உன் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அந்தப் பூட்டே சொல்லவில்லையா? சரி, நியாயம். ஆனால் அதற்காக எல்லா அதிகாரத்தையும் ஓரிடத்தில் கொட்டிவிடலாமா? மரநாய்க்கும் நரிக்கும் பயந்து ஓடுகிறவன் சிங்கத்தின் வாயில் போய் விழுவது பாதுகாப்பா என்று ஜான் லாக் கேட்டாரே, அதோடு அந்த வாதம் முடிந்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் மனிதன் கெட்டவன் என்ற முடிவிலிருந்து சுதந்திரம் பிறக்க முடியுமா?

முடியும். எனக்குப் பிடித்த வழியே அதுதான். 1784-ல் இம்மானுவேல் கான்ட் எழுதியதன் சாரம் இது: மனிதன் ஓர் எஜமானன் தேவைப்படும் விலங்கு, அந்த எஜமானனையும் மனித இனத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும், ஆகவே அவனும் ஓர் எஜமானன் தேவைப்படும் விலங்குதான். அதே இடத்தில், மனிதன் என்கிற இவ்வளவு கோணல் மரத்திலிருந்து முழுக்க நேரான எதையும் செய்ய முடியாது என்றும் சொல்கிறார். ஷுன்ட்சுவின் அதே மரம்! ஆனால் ஷுன்ட்சு நிமிர்த்துகிறவனைப் பற்றிக் கவலைப்படவில்லை, கான்ட் பட்டார்.

நான்கு வருடம் கழித்து, 1788-ல், அமெரிக்காவில் ஜேம்ஸ் மேடிசன் அதையே அரசமைப்புக் கணக்காகப் போட்டார். மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே வேண்டாம், ஆள்கிறவர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கத்துக்குக் கடிவாளம் வேண்டாம், இரண்டும் இல்லாததால் ஒரு பதவியின் பேராசையை இன்னொரு பதவியின் பேராசையால் மறிக்க வேண்டும் என்றார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கடிவாளத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தவருக்கு, தன் தோட்டத்தில் தனக்கு ஒரு கடிவாளமும் இல்லை என்பது உறுத்தியே இருந்தாலும், தன் அடிமைகளை அவர் உயிலில்கூட விடுவிக்கவில்லை.

மனிதன் நல்லவன் என்று சொன்னவர்கள் என்ன சொன்னார்கள்?

சீனாவிலேயே மென்சியஸ், ஷுன்ட்சுவுக்கு ஒரு தலைமுறை முந்தியவர். ஒரு குழந்தை கிணற்றில் விழப்போகிறது என்று திடீரெனப் பார்க்கிற எவனுக்கும் நெஞ்சு பதறும் என்றார். குழந்தையின் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்கவோ ஊர் மெச்சவோ அல்ல, சும்மா பதறும். அந்தப் பதற்றம்தான் முளை, வளர்த்தால் அறமாகும். இதை மென்மையான ஆசாமியின் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஷாங் வம்சத்துக் கொடுங்கோல் அரசனைக் கொன்றார்களே, ஒரு பிரஜை தன் அரசனைக் கொல்லலாமா என்று சி நாட்டு மன்னர் கேட்டபோது, அறத்தைச் சிதைத்த ஒரு தனி ஆளைத் தண்டித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், அரசனைக் கொன்றதாகக் கேள்விப்படவில்லை என்று பதில் சொன்னார். மக்கள்தான் முதல், அரசன் கடைசி என்றும் சொல்லியிருக்கிறார். மிங் வம்சத்தை நிறுவிய பேரரசருக்கு இதெல்லாம் படிக்கப்படிக்க ஆத்திரம் வந்து, 1394-ல் மென்சியஸின் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டிய பதிப்பு ஒன்று தயாரானது.

ரூசோ வேறு ரகம். மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், எங்கு பார்த்தாலும் விலங்கிடப்பட்டிருக்கிறான் என்று 1762-ல் எழுதினார், ஜெனீவாவில் அவர் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அதே நூலில்தான், பொதுவிருப்பத்துக்குப் பணிய மறுப்பவனைச் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்ற வரியும் வருகிறது. மக்களின் விருப்பம் எப்போதும் சரி என்று வைத்துக்கொண்டால், அந்த விருப்பம் இன்னதென்று சொல்லுகிற பொறுப்பு யார் கைக்குப் போகிறதோ அவனுக்குக் கடிவாளமே கிடையாது. ரூசோவைக் கொண்டாடிய ரோபெஸ்பியர், பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சியை நடத்தியவர், அதைச் செய்தே காட்டினார்.

ஆதியில் மக்கள் கூடி ஒருவரை அரசனாக்கினார்கள் என்பது ஐரோப்பியக் கற்பனைதானே?

அதெல்லாம் இங்கே ரொம்பப் பழசு. பாலி மொழி பௌத்த நூல்களில் அக்கஞ்ஞ சுத்தம் என்று ஒன்று உண்டு. அதில் மனிதர்கள் நெல்லைப் பதுக்கத் தொடங்குகிறார்கள், வயலுக்கு எல்லை போடுகிறார்கள், திருட்டு வருகிறது, பொய் வருகிறது. கடைசியில் தங்களுக்குள் ஒருவனைப் பொறுக்கியெடுத்து, கண்டிக்க வேண்டியவரைக் கண்டி, உனக்கு நெல்லில் பங்கு தருகிறோம் என்கிறார்கள். அவன் பெயர் மகாசம்மதன். ராஜா என்றால் கூலிக்கு அமர்த்தப்பட்டவன், அவ்வளவுதான்.

அர்த்தசாஸ்திரத்திலும் இதே கதை இருக்கிறது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் மத்ஸ்ய நியாயத்தில் தவித்த மக்கள் மனுவை அரசனாக்கினார்கள், விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று. ஆனால் அந்த இடத்தை முழுக்கப் படித்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும். கதையைச் சொல்வது ஏதோ ஞானி இல்லை, அரசனின் ஒற்றர்கள். தீர்த்தக்கரைகளிலும் ஜனங்கள் கூடுகிற இடங்களிலும் இரண்டு ஒற்றர்கள் சண்டைபோடுவதுபோல நடிக்க வேண்டும். ராஜா வரியாலும் தண்டத்தாலும் வதைக்கிறானே என்று ஒருவன் ஆரம்பிப்பான், ஆமாம் ஆமாம் என்று கூட்டத்தில் யாராவது சேர்ந்துகொள்வார்கள், அப்போது அடுத்தவன் இந்த மனு கதையைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்க வேண்டும். அரசியல் தத்துவத்துக்கு வேறு என்ன உபயோகம் என்று கௌடில்யர் நினைத்தாரோ என்னவோ, இந்த உபயோகத்தைப் பூசிமெழுகாமல் எழுதிவைத்திருக்கிறார்.

அரசனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் என்னதான் வித்தியாசம்?

இந்தக் கேள்வி மூன்று இடங்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கேட்கப்பட்டிருக்கிறது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி ருசி.

அகஸ்டின், ஐந்தாம் நூற்றாண்டு, வட ஆப்பிரிக்காவில் பிஷப். நீதி இல்லாவிட்டால் ராஜ்ஜியங்கள் பெரிய கொள்ளைக்கூட்டம் அல்லாமல் வேறென்ன என்று கேட்டுவிட்டு ஒரு பழங்கதையை எடுத்துவிடுகிறார். பிடிபட்ட கடற்கொள்ளைக்காரனிடம் அலெக்சாந்தர், கடலை ஏன் இப்படிப் பாடுபடுத்துகிறாய் என்று கேட்கிறான். நீ உலகத்தைப் படுத்துகிற அதே நோக்கத்தில்தான், நான் சின்னக் கப்பலில் செய்வதால் திருடன், நீ பெரிய படையோடு செய்வதால் பேரரசன் என்கிறான் அவன்.

திருவள்ளுவர், கொடுங்கோன்மை அதிகாரம்: "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." வழிப்பறிக்காரன் வேலை நீட்டிக்கொண்டு கொடு என்பதும், செங்கோலைப் பிடித்தவன் கேட்பதும் ஒன்றுதான். இரவு என்றால் பிச்சை. அரசன் கெஞ்சித்தான் கேட்கிறான், கையில் கோல் இருப்பதால் அந்தக் கெஞ்சலும் மிரட்டலாகிவிடுகிறது. அகஸ்டினின் கதையில் இந்த நுணுக்கம் இல்லை. அன்பளிப்பு என்று சொல்லி வாங்குகிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது சிலப்பதிகாரம். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன், "பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். முதல் இரண்டிலும் வெளியிலிருந்து வந்த குற்றச்சாட்டு இங்கே சிம்மாசனத்திலிருந்தே வருகிறது. பாண்டியன் கெட்டவன் என்று இளங்கோ எங்கும் சொல்லவில்லை. விசாரிக்காமல் ஒரு வார்த்தை சொன்னான், இடைமறித்து ஏன் என்று கேட்க யாரும் இல்லை, ஒரு உயிர் போயிற்று. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்" என்கிற குறளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. ஆனால் வள்ளுவர் இடித்துச் சொல்கிறவரைத் தேடி வைத்துக்கொள்ளச் சொல்வது அரசனிடம்தான். அவன் வைத்துக்கொள்ள மறுத்தால் குடிகள் என்ன செய்வது? அழுத கண்ணீரே படையாகும் என்கிறார். அழகான வரி. ஆனாலும் மேடிசனின் முரட்டுக் கணக்கு இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது.

மதம் என்றாலே அடிபணிதல்தானே? இதில் சுதந்திரம் எங்கே வந்தது?

கடவுளுக்கு அடிமை என்று ஒருவன் நிஜமாகவே நம்பிவிட்டால் வேறு எவனுக்கும் அவனை அடிமையாக்குவது கஷ்டம். "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று அப்பர் ஏழாம் நூற்றாண்டில் பாடினாரே, சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ மன்னன் கூப்பிட்டனுப்பியபோது, வரமுடியாது என்று சொன்ன பதில் அது என்கிறது பெரியபுராணம். பைபிளிலும் இந்தக் குரல் உண்டு: "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" (அப்போஸ்தலர் 5:29). அதே பைபிளில் ரோமர் 13-ஆம் அதிகாரம், எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன் என்று தொடங்குகிறது. ராஜாக்களுக்கு எது பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இரண்டு வசனங்களும் நேருக்கு நேர் மோதிய வருடம் 1525. கிறிஸ்தவன் எவருக்கும் கீழ்ப்பட்டவனல்ல என்று ஜெர்மானிய மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எழுதி ஐந்து வருடம் ஆகியிருந்தது (அதே மூச்சில், அவன் எல்லோருக்கும் ஊழியன் என்றும் எழுதியிருந்தார்). ஜெர்மானியக் குடியானவர்கள் மெம்மிங்கன் ஊரில் கூடிப் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுதினார்கள். மூன்றாவது கோரிக்கை: கிறிஸ்து ரத்தம் சிந்தி ஆட்டிடையன் முதல் மிக உயர்ந்தவன்வரை எல்லோரையும் மீட்டிருக்கும்போது எங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருப்பது என்ன நியாயம், நாங்கள் சுதந்திரமானவர்கள். லூதர் முதலில் பிரபுக்களையும்தான் கண்டித்தார். கலவரம் முற்றியதும், இவர்களைக் குத்துங்கள், வெட்டுங்கள் என்று எழுதினார். நான் சொன்னது ஆன்மாவின் சுதந்திரம், உடம்பு பழைய எஜமானுக்கே என்பது அவர் கட்சி. கிட்டத்தட்ட ஒரு லட்சம் குடியானவர்கள் செத்திருக்கலாம் என்பார்கள். ஆத்மாவுக்கு மட்டும் விடுதலை என்று எந்த மதத்தில் யார் சொன்னாலும் எனக்கு மெம்மிங்கன்தான் ஞாபகம் வரும்.

எல்லாம் விதி, எல்லாம் அவன் செயல் என்றால் நான் செய்வது என்ன?

மதங்களுக்குள்ளேயே நடந்த பெரிய சண்டை இது. ஒரு பக்கம் புத்தர் காலத்துத் துறவிக் கூட்டமான ஆசீவகர்களின் தலைவர் மக்கலி கோசாலர்: உருட்டிவிட்ட நூல்கண்டு பிரிந்து முடியும்வரை உருள்வதுபோல, அறிவாளியும் முட்டாளும் தங்கள் பிறவிகளை ஓடித்தான் தீர்க்க வேண்டும், முயற்சிக்கு வேலையே இல்லை. (இதைச் சொல்லுவது பௌத்த நூல்கள், அதாவது எதிர்க்கட்சி.) வள்ளுவர், ஊழைவிட வலியது எது என்றும் கேட்கிறார், சோர்வில்லாமல் முயல்பவர் அந்த ஊழையே புறமுதுகிட வைப்பார் என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒட்டவைக்க உரையாசிரியர்கள் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முரணை அவர் தெரிந்தே விட்டிருக்கிறார் என்பது என் எண்ணம். தோற்றவனிடம் சொல்ல ஒரு குறள் வேண்டும், சோம்பேறியிடம் சொல்ல இன்னொன்று.

வைணவத்தில் இதைக் குரங்கும் பூனையும் வைத்துப் பேசினார்கள். குட்டிக்குரங்கு தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடியை விட்டால் விழுந்துவிடும், அதுபோல ஜீவனிடமும் ஒரு சிறு முயற்சி வேண்டும் என்றது வடகலை. பூனைக்குட்டி சும்மா கிடக்கிறது, தாய் கவ்விக்கொண்டு போகிறது, அருள் அப்படித்தான் வரும் என்றது தென்கலை. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் வளர்த்த அபாரமான சிந்தனை இது. ரோமாபுரியில் பெலாஜியஸ் என்ற துறவி, மனிதன் முயன்றால் பாவமில்லாமல் வாழமுடியும் என்று சொல்லி அகஸ்டினிடம் மாட்டிக்கொண்டாரே, 418-ல் கார்த்தேஜ் சபை அவரைக் கண்டித்ததே, அவர் வடகலைக்காரரைவிட இரண்டு படி மேலே போனவர். அவ்வளவு உயரத்தில் தொடங்கிய வடகலை-தென்கலை விவாதம் காஞ்சிபுரத்தில் சன்னதியில் யார் பாடுவது என்ற வழக்காகிக் கோர்ட்டுக் கோர்ட்டாக அலைந்ததைப் பற்றி என்ன சொல்ல!

விதிக்கு அரசியல் விலையும் உண்டு. டமாஸ்கஸிலிருந்து இஸ்லாமியப் பேரரசை ஆண்ட கலீஃபாக்களான உமய்யாக்களின் ஆதரவாளர்கள் அந்த ஆட்சியே இறைவனின் விதி என்று பேசிவந்தார்கள். மனிதனுக்குத் தன் செயலில் சுதந்திரம் உண்டு, ஆகவே கலீஃபாவும் தன் செயலுக்குப் பொறுப்பு என்று பேசிய கைலான் என்ற அறிஞர் கலீஃபா ஹிஷாமின் ஆட்சியில் (724-743) கொல்லப்பட்டார். நடப்பதெல்லாம் விதி என்று சொல்வதில் ஏழைக்குக் கிடைக்கும் ஆறுதலைவிட ஆள்பவனுக்குக் கிடைக்கும் லாபம் அதிகம்.

சுதந்திரம் பேசுகிறவர்கள் கைக்கு அதிகாரம் வந்தால் நன்றாக இருக்குமா?

சொல்லுவதற்கில்லை. மனிதச் சுதந்திரத்தையும் பகுத்தறிவையும் உயர்த்திப் பிடித்தவர்கள் முஃதஸிலாக்கள் என்ற இஸ்லாமிய இறையியலாளர்கள். அவர்கள் பக்கம் சாய்ந்த கலீஃபா மாமூன் 833-ல் பாக்தாதில் ஒரு விசாரணையை ஆரம்பித்தார். குர்ஆன் என்றென்றும் இருந்துவருவதல்ல, படைக்கப்பட்டது என்ற அவர்கள் கொள்கையை ஒப்புக்கொள்ளாத அறிஞர்களுக்குச் சிறை. ஒப்புக்கொள்ள மறுத்த அஹ்மத் இப்னு ஹன்பலுக்கு அடுத்த கலீஃபா காலத்தில் கசையடி. அப்பர் கதையின் முடிவையும் பாருங்கள்: மனம் மாறிய பல்லவன் சமணர் பள்ளிகளை இடித்து அந்தக் கல்லில் சிவன் கோயில் கட்டினான் என்று பெரியபுராணமே பெருமையாகச் சொல்கிறது. அரசுகளைக் கொள்ளைக்கூட்டம் என்ற அகஸ்டினும், பிரிந்துபோன டொனாட்டிஸ்ட் கிறிஸ்தவர்களை அரசாங்கத்தின் கையால் வலுக்கட்டாயமாகத் திருச்சபைக்குக் கொண்டுவரலாம் என்று வாதிட்டார்.

அப்புறம் ஜான் ஸ்டூவர்ட் மில். பிறருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவன்மேல் யாரும் அதிகாரம் செலுத்தக் கூடாது என்று 1859-ல் எழுதியவர். காட்டுமிராண்டிகளுக்கு இது பொருந்தாது, அவர்களை முன்னேற்றுவதற்காக என்றால் சர்வாதிகாரமே முறையான ஆட்சி என்றும் அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியில்.

மக்களுக்குச் சுதந்திரம் தாங்காது, நல்ல தலைவன் ஒருவன் கிடைத்தால் போதும் என்கிறார்களே?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். மதத்தில் பக்தி ஆன்மாவின் மீட்சிக்கு வழியாகலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச்செல்லும் நிச்சயமான பாதை என்றார். எவ்வளவு பெரிய மனிதரானாலும் அவர் காலடியில் உங்கள் உரிமைகளை வைக்காதீர்கள் என்று அவர் அங்கே எடுத்துக்காட்டியது மேலே சொன்ன அதே மில்லைத்தான். மில் எந்த மக்களை விதிவிலக்கில் வைத்தாரோ அந்த மக்களின் சபையில், அவர்களுக்காக.

இதற்கெல்லாம் அறிவியல் ஒரு முடிவு சொல்லவில்லையா?

முடிவு இல்லை, ஒரு துப்பு இருக்கிறது. 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனை. விளம்பரம் பார்த்து வந்த சாதாரண ஆட்கள், தப்பாகப் பதில் சொல்கிறவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும், 15 வோல்ட்டிலிருந்து 450 வரை. அடுத்த அறையில் இருந்தவர் நடிகர், மின்சாரம் கிடையாது. சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று, தொடருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 40 பேரில் 26 பேர் கடைசிவரை போனார்கள். பலருக்கு வியர்த்துக்கொட்டியது, கை நடுங்கியது, ஆனாலும் சுவிட்சை அழுத்தினார்கள்.

இதை எல்லோரும் சொல்லுவார்கள். சொல்லாமல் விடுவது இன்னொரு சுற்றை: கூடவே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் (அவர்களும் ஏற்பாடு செய்யப்பட்டவர்கள்தான்) நடுவில் எழுந்து, எங்களால் முடியாது என்றார்கள். அந்தச் சுற்றில் கடைசிவரை போனவர்கள் 40-க்கு 4 பேர். பங்கேற்றவர்களில் சிலர் அதை நாடகம் என்று ஊகித்துவிட்டார்கள் என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனாலும் மனித இயல்பைத் தனி ஆளுக்குள்ளே தோண்டிப் பார்ப்பதைவிட, முதலில் யார் எழுந்தார் என்று பார்ப்பது பலனளிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதிகாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அரசே கூடாது என்ற அனார்க்கிஸ்டுகளில் முக்கியமானவரான பகூனினே அப்படிச் சொல்லவில்லை. பூட்ஸ் விஷயத்தில் செருப்பு தைப்பவரின் அதிகாரத்துக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் அவர் என்மேல் தன்னைத் திணிக்க விடமாட்டேன் என்றார். டாக்டர் பேச்சைக் கேட்பது வேறு, டாக்டர் என்னைக் கட்டிப்போடுவது வேறு.

குரு சொன்னால் அப்படியே கேட்க வேண்டும் என்கிறார்கள். இது சரணாகதியா, அடிமைத்தனமா?

கீதையின் கடைசி அத்தியாயத்தில் கண்ணன் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அர்ஜுனனிடம், இதை முழுக்க ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறான் (18:63). மூன்றே சுலோகம் தள்ளி, எல்லாத் தர்மங்களையும் விட்டுவிட்டு என்னையே சரணடை என்கிறான் (18:66). மேடைகளில் இரண்டாவதைத்தான் அடிக்கடி கேட்கிறோம். முதலாவது இல்லாத சரணாகதியைச் சரணாகதி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்களுக்குப் புத்தர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: பரம்பரையாக வருகிறது என்பதற்காகவோ, இவர் நம் குரு என்பதற்காகவோ ஏற்காதீர்கள்.

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945-ல் ஓர் உரையில் இன்னும் ஒரு திருகு திருகினார். போரில் சேர்வதா, தாயோடு இருப்பதா என்று தவித்த ஒரு மாணவன் அவரிடம் யோசனை கேட்டு வந்தானாம். எந்தப் பாதிரியாரிடம் போய்க் கேட்பது என்று நீ தேர்ந்தெடுக்கும்போதே அவர் என்ன சொல்வார் என்று உனக்கு ஏறக்குறையத் தெரியும் என்றார். குருவைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான். அந்தப் பொறுப்பை அவர் காலில் வைத்துவிட்டு வரமுடியாது.

மனசாட்சி ஒன்று போதாதா? எதற்கு இவ்வளவு?

யூதப் படுகொலையில் பங்குபெற்ற அடால்ஃப் ஐக்மன் 1961-ல் ஜெருசலேம் நீதிமன்றத்தில், தான் கான்ட்டின் அறக்கொள்கைப்படி வாழ்ந்ததாகச் சொன்னார். மேலதிகாரியின் கட்டளை இருந்த இடத்தில் மனசாட்சி என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். கான்ட் இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் தெரியாது, ஆனால் அவருமே புரட்சிக்கு உரிமை இல்லை என்று எழுதியவர்தான்.

அவர் வாழ்க்கையில் ஒரு சம்பவம். மதத்தைப் பற்றி எழுதியதற்காக 1794-ல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடரிக் வில்லியமிடமிருந்து எச்சரிக்கை ஓலை வந்தது. கிழவருக்கு அப்போது 70 வயது. இனி மதம் பற்றி எழுதமாட்டேன் என்று "மாட்சிமை தங்கிய மன்னரின் மிக விசுவாசமான பிரஜையாக" வாக்குக் கொடுத்தார். 1797-ல் மன்னர் இறந்தார். அடுத்த வருடமே கான்ட் மதம் பற்றிப் புத்தகம் போட்டார், அந்தக் கடிதத்தையும் முன்னுரையில் அச்சிட்டு, நான் கொடுத்த வாக்கு அந்த மன்னரின் பிரஜையாகக் கொடுத்தது, அவர் போய்விட்டார் என்று விளக்கமும் சொன்னார். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. எழுபது வயதில் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு, பொய்யும் சொல்லாமல், மன்னரைவிட அதிக நாள் உயிரோடு இருந்து எழுதியும் முடித்தார் என்பதால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

குறளில் 45-ஆம் அதிகாரமும் 56-ஆம் அதிகாரமும், இருபது குறள்தான், ஒரு மாலைப்பொழுது போதும். அப்புறம் அம்பேத்கரின் அந்த 1949 உரை, தமிழிலேயே கிடைக்கிறது. ஹாப்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் வாதம் பிடித்துப்போனால் கூடவே லாக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.